கோலில் முதல் கோடு

சாண்டா பிரிஸ்கா
9 நவம்பர் 1961, வியாழன்

மனோங் சிப்ரியானோ,

உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் இதை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போயிருப்பீர்கள். பிறகு இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, கடிதத்தை இரண்டு பக்கமும் தேய்த்து, கிருமி செத்திருக்கும் என்று நம்பிக்கை வந்த பிறகு படிக்க உட்கார்ந்திருப்பீர்கள். நன்றாகவே தேயுங்கள். இங்கே காலரா வந்துவிட்டது.

இரண்டு வருடமாக உங்களோடு பேச்சில்லை. மருத்துவமனை மருந்துக் கூடத்தில் உங்கள் இடத்துக்கு வந்தவன் இருபத்தாறு வயதுப் பிள்ளை. அவனை யாராவது மனோங், அண்ணா என்று கூப்பிட முடியுமா? ஆகையால் அந்த வார்த்தையே எனக்கு மறந்துபோயிருந்தது.

சென்ற வாரம் படகுத்துறைக் குடிசைகளிலிருந்து ஒரே நாளில் ஒன்பது பேரைத் தூக்கி வந்தார்கள். வினிகர்க் காடியில் ஊறிய பச்சை இறால். தின்னாதீர்கள் என்று கோவிலில் பாதிரியார் சொன்னார். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தின்றார்கள். பெண்கள் பிரிவைக் காலி செய்தோம். கட்டில்கள் கடல் பக்கம் பன்னிரண்டு, சாலைப் பக்கம் பன்னிரண்டு. எல்லாம் நீங்கள் தைக்கச் சொல்லிவிட்டுப் போன, நடுவில் ஓட்டை போட்ட கான்வாஸ் கட்டில்கள்தாம். ஓட்டைக்குக் கீழே வாளி. வாளிக்குள் அளவு பார்க்க, கோடு போட்ட உங்கள் மூங்கில் கோல். இருபத்துநான்கு கோல்களும் கிடங்கில் எண்ணெய் பூசி, துணி சுற்றி, வைத்தது வைத்தபடி இருந்தன. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கோலை விட்டுப் பார்க்கிறோம். எவ்வளவு வெளியே போயிருக்கிறதோ அவ்வளவு உப்புநீரை நரம்பில் ஏற்றுகிறோம். நேற்றுப் பிணம் மாதிரி வந்தவன் இன்று எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்கிறான்.

காலரா வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் எழுதிய நாற்பத்தேழு பக்கப் புத்தகத்தைப் பார்த்துச் சிரித்தவள் நான். ஒத்திகை நாளில் அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, “மனோங், இந்த ஓட்டை எனக்குப் பத்தாது போலிருக்கே!” என்று கத்தி, எல்லா நர்ஸுகளையும் சிரிக்க வைத்தவளும் நானே. இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உப்புநீர்க் கலவையின் எடைகள் வேண்டும். புதிய பிள்ளைக்குத் தராசைப் பார்த்தாலே கை நடுங்குகிறது. செவ்வாய், வியாழன், சனி தவிர வேறு படகு இல்லை. அதிலும் தபால் பையும் அரிசியும் மட்டும். ஆட்கள் உள்ளேயும் வரக்கூடாது, வெளியேயும் போகக்கூடாது.

பெத்ரா


கிமராஸ் தீவு
13 நவம்பர் 1961

திருமதி பெத்ரா தகுபா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. தாங்கள் கேட்ட எடைகளைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். மூன்று முறை சரிபார்த்தேன். நான்காவது முறையும் பார்த்திருக்கலாமோ என்று இதை எழுதும்போது தோன்றுவதால், நிறுத்திவிட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

புதிய மருந்தாளரிடம் ஒன்று சொல்லுங்கள். முதலில் உப்பை நிறுக்க வேண்டும், பிறகு சோடாவை. மாற்றிச் செய்தால் பெரிய தீங்கில்லை. ஆனால் வரிசை ஒன்று இருந்தால் கை நடுங்காது. முப்பத்தோராண்டு வேலையில் நான் கண்டுபிடித்தது அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தை மணிலாவில் சுகாதார அலுவலகம் கேட்டிருக்கிறது. எல்லா மாகாணங்களுக்கும் அச்சிட்டு அனுப்பப் போகிறார்களாம். யாரிடமும் சொல்லவில்லை. தங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. பெருமைக்காக இருக்கலாம். மன்னிக்கவும்.

ஒத்திகையைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நான் அதை மறந்துவிட்டேன்.

இறாலைப் பற்றித் தாங்கள் எழுதியதைப் படித்த பிறகு வீட்டிலிருந்த காடிப் புட்டியையும் கொட்டிவிட்டேன். காடிமேல் குற்றமில்லை என்று தெரியும்.

சி. மொன்சாலே


சாண்டா பிரிஸ்கா
17 நவம்பர், வெள்ளி

மனோங்,

மறந்துவிட்டீர்களா? மறந்தவர் என்னைத் ‘திருமதி’ என்றும் ‘தாங்கள்’ என்றும் எழுதுவாரா? பதினெட்டு வருடம் ‘ஏய் பெத்ரா’ என்றுதானே கூப்பிட்டீர்கள்! உங்கள் பணிநிறைவு விருந்துக்கு நான் மோலோ சூப் வைத்தேன். நாற்பது பேருக்கு. மாவை மெல்லிசாகத் தேய்த்து, பன்றிக்கறி மடித்து, ஒவ்வொன்றாக. நீங்கள் வரவில்லை. உங்கள் நாற்காலி காலியாகவே இருந்தது. அதை நான் மறக்கவில்லை. சரி, கணக்கு நேராகிவிட்டது.

எடைகள் சரி. உப்புநீர் நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே ஏதோ சரியில்லை.

சாலை வரிசையில் எல்லோரும் பிழைக்கிறார்கள். கடல் வரிசையில் புதனன்று ஒருவர் போனார், நேற்று ஒரு பெண் போனாள். இருவருமே வந்த அன்றைக்குத் தேறியவர்கள். மறுநாள் கண் உள்ளே போய், கெண்டைக்கால் முறுக்கி, நாடி நூலாகிவிட்டது. இன்னும் மூன்று பேர் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறார்கள். கடல் வரிசையைப் பார்த்துக்கொள்பவள் லிப்ராதா. நீங்கள் போன பிறகு சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள், கையெழுத்து மணி மணியாக இருக்கும்.

இன்று காலை டாக்டர் ஒசோரியோ எல்லார் முன்னாலும் அவளை நிறுத்திவைத்துக் கேட்டார்.

“ஒரே நோவு, ஒரே மருந்து, ஒரே கட்டில். அந்தப் பக்கம் கஞ்சில உப்பு பத்தலைன்னு சண்டை போடுறாங்க. இந்தப் பக்கம் சாகுறாங்க. நடுவுல என்ன வித்தியாசம், சொல்லும்மா?”

“தெரியல டாக்டர். வாளில எவ்வளவு போச்சோ அவ்வளவு ஏத்துறேன்.”

“ஏத்துறியா, ஏத்துனேன்னு எழுதுறியா?”

 அவள் காது சிவந்தது. பிறகு நான் அவளைத் தனியாக அழைத்து, “உண்மையச் சொல்லு, கண் அசந்துட்டியா? அசந்தா குத்தமில்ல, சொல்லிடு” என்றேன். “மேடம், நீங்களுமா?” என்றாள். அதோடு விட்டுவிட்டேன். ஆனாலும், மனோங், வித்தியாசம் அவள் ஒருத்திதானே. வேறு என்ன இருக்கிறது?

மற்றபடி எல்லாம் உங்கள் புத்தகப்படிதான். கிருமிநாசினி லைசால் மட்டும் திங்களன்று தீரும் நிலைக்கு வந்துவிட்டது. மிச்சத்தைக் கிணற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் சாலை வரிசைக்கு ஒதுக்கிவிட்டேன். கடல் வரிசையில் வெறும் வாளியை வைத்து, குழியில் கொட்டும்போது சுண்ணாம்புத் தூள் போடுகிறோம். நாற்றம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

நாளைக் காலைப் படகில் இது வரும். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

பெத்ரா


கிமராஸ் தீவு
19 நவம்பர், ஞாயிறு

அன்புள்ள பெத்ரா அவர்களுக்கு,

கடிதம் நேற்றுக் கிடைத்தது. இரண்டு மரணங்களுக்கும் மிகவும் வருந்துகிறேன்.

ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. அவசியமில்லாததாகவும் இருக்கலாம். கடல் வரிசையில் வாளியை வைப்பதற்கு முன் அதில் எந்தத் திரவமும் ஊற்றுவதில்லை என்று நான் புரிந்துகொண்டது சரிதானா? லைசாலுக்குப் பதிலாக வெறும் தண்ணீராவது ஊற்றுகிறீர்களா? திங்கட்கிழமை எந்த வேளையிலிருந்து?

இன்னொன்று. வாளியில் விடும் கோல், நான் கடைசியாகச் செய்து வைத்த கோல்தானா? முனையில் சிவப்பு வண்ணம் இருக்கும்.

உறுதியாகத் தெரியாமல் எதையும் சொல்ல விரும்பவில்லை. தவறாகச் சொல்லி, அதனால் ஏற்றும் அளவை யாராவது மாற்றி, அதில் தீங்கு வந்தால் என்ன செய்வது? செவ்வாய்க்கிழமைப் படகில் இதை அனுப்புகிறேன். வியாழனன்று பதிலை எதிர்பார்ப்பேன்.

அந்தப் பெண் லிப்ராதாவிடம் கடுமையாக இருக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சிப்ரியானோ


சாண்டா பிரிஸ்கா
22 நவம்பர், புதன்

மனோங்,

ஊற்றவில்லை. லைசாலும் ஊற்றவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை. திங்கள் மதியத்திலிருந்து. கோல் சிவப்பு முனைக் கோல்தான். போதுமா?

இங்கே மனிதர்கள் வற்றிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் வாளியைப் பற்றி விசாரிக்கிறீர்கள். உங்களிடம் கேட்டது என் தப்பு. உங்களிடம் ஒரு கேள்வி கேட்டால் நீங்கள் நான்கு கேள்விகளைத் திருப்பி அனுப்புவீர்கள் என்பதை மறந்துபோனேன்.

இன்று காலை மூன்றாவது ஆளும் போய்விட்டார். சோளக்கதிர் விற்கிற அம்மா. லிப்ராதா அவர் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. நானே இரண்டு நாள் அவளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண் அசரவில்லை. கோலை விட்டுப் பார்த்தாள், எழுதினாள், எழுதியதை ஏற்றினாள். ஒரு சொட்டுக் குறையவில்லை. இதை டாக்டரிடம் சொன்னேன். “நீங்க நிக்கும்போது ஒழுங்காத்தான் செய்வா” என்றார். திங்கட்கிழமையோடு அவளை வேலையைவிட்டு அனுப்புகிறார்கள். தாளும் தட்டச்சாகிவிட்டது. ‘கவனக்குறைவால் மூவர் மரணம்’ என்று அதில் இருக்கிறது. அந்தத் தாளோடு அவள் இந்த நாட்டில் எந்த மருத்துவமனை வாசலை மிதிப்பாள்?

எட்டாம் கட்டிலிலும் பத்தாம் கட்டிலிலும் இருப்பவர்களின் நிலை இன்று எனக்குப் பிடிக்கவில்லை.

பெத்ரா


சாண்டா பிரிஸ்கா படகுத்துறை, சுங்கக் கொட்டகை
24 நவம்பர், வெள்ளி, காலை

பெத்ரா,

இதைப் படித்ததும் செய். பிறகு யோசி.

கடல் வரிசையில் ஒவ்வொரு வெறும் வாளியிலும் முதலில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, அதன் பிறகு கட்டிலுக்கு அடியில் வை.

கோலின் முதல் கோடு வாளியின் அடியில் இல்லை. அரை லிட்டர் நிற்கும் உயரத்தில் இருக்கிறது. முதலில் அரை லிட்டர் லைசால் தண்ணீர் ஊற்றியிருப்பீர்கள் என்று வைத்து நான் போட்ட கோடு அது. வெறும் வாளியில் ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் குறைத்துக் காட்டும். ஒரு நாளைக்கு ஆறு முறை, மூன்று லிட்டர். பதினோரு நாட்களாக அந்த வரிசையில் எல்லோருக்கும் குறைவாக ஏற்றியிருக்கிறீர்கள்.

லிப்ராதா சரியாகத்தான் எழுதியிருக்கிறாள். கோல் தவறு. நான் தவறு.

எட்டுக்கும் பத்துக்கும் இப்போதே ஏற்று.

சிப்ரியானோ


24 நவம்பர், மதியம்

மனோங்,

கொட்டகையிலா? படகில் வந்தீர்களா? நீங்களா?

உங்கள் சீட்டைக் காவலாளி மூங்கில் கழியில் செருகி ஜன்னல் வழியாக நீட்டினான். படித்துவிட்டு ஒரு வெறும் வாளியில் அளவு ஜாடியால் இரண்டு லிட்டர் ஊற்றி, லிப்ராதாவைக் கூப்பிட்டு, “இதுல எவ்வளவு இருக்கு பாரு” என்றேன். கோலை விட்டாள். “ஒண்ணரை” என்றாள். ஜாடியைக் காட்டினேன். அவள் ஜாடியைப் பார்த்தாள், கோலைப் பார்த்தாள், கட்டில்களைப் பார்த்தாள். பிறகு பாட்டில்களை எடுத்துவர ஓடினாள்.

பன்னிரண்டு கட்டிலுக்கும் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எட்டுக்கு நாடி கிடைக்கிறது. பத்துக்கு இன்னும் இல்லை.

சாப்பிட்டீர்களா?

பெ.


சுங்கக் கொட்டகை
26 நவம்பர், ஞாயிறு

பெத்ரா,

நேற்று மாலை காவலாளி வந்து, “பத்தாம் நம்பர் கட்டில் எந்திரிச்சிட்டாராம், தென்னங்கள்ளு கேக்குறாராம், நர்ஸம்மா சொல்லச் சொன்னாங்க” என்றான். அதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதக் கை வந்தது.

தடையை மீறி வந்ததற்காக என்னை இங்கே ஏழு நாள் வைத்திருக்கப் போகிறார்கள். இடம் சுத்தமாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை வெளியே வருவேன்.

வியாழனன்று உன் பதில் கைக்கு வந்தபோது தபால் படகு திரும்பிப் போயிருந்தது; அடுத்தது சனிக்கிழமைதான். மீன்பிடிக்கும் இஸ்கோவிடம் போய்க் கேட்டேன். அவன் நம்பவில்லை.

“பெரியவரே, நீங்க கிணத்துல எட்டிப் பாத்தாலே தலை சுத்துற ஆளு. கடலைத் தாண்டப் போறீங்களா?”

“ஆமா.”

“போலீஸ் புடிச்சா அடைச்சு வெப்பான்.”

“புடிக்கட்டும். காயிதம் மட்டும் போய்ச் சேந்தா போதும்.”

“அப்ப காயிதத்தை மட்டும் குடுங்க, நான் துறையில வீசிட்டு வந்திடுறேன்.”

அது நல்ல யோசனைதான். ஆனால் அதை அவன் வீசி, யாரும் எடுக்காமல், கரையில் கிடந்து நனைந்துபோவதாகவே எனக்குத் தோன்றியது. ஆகவே படகில் ஏறிப் பக்கக்கட்டையைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்கக் கண்ணை மூடியிருந்தேன். மூன்று முறை வாந்தி எடுத்தேன். கரையில் காவலாளி நான் காலரா நோயாளி என்று எண்ணி ஓடிப்போய்விட்டான். அவனை நம்பவைத்துச் சீட்டைக் கொடுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் நான் செய்த கோல்களில் கோடு அடியிலிருந்தே தொடங்கியது. அரை லிட்டரைக் கழித்து எழுத வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தேன். ஒத்திகை நாளில் நீ கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டாய்: “மனோங், வேலை செஞ்சு செத்துக்கிட்டிருக்கும்போது எவ நின்னு கழிச்சுக்கிட்டிருப்பா?” எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நீ கேட்டது சரி என்றும் தெரிந்தது. களைத்த கைக்குக் கணக்குக் கொடுக்கக்கூடாது. ஆகவே கடைசி வாரத்தில் இருபத்துநான்கு கோல்களையும் மறுபடி செய்தேன். கழித்தலைக் கோலுக்குள்ளேயே வைத்துவிட்டேன். முனையில் சிவப்பு பூசினேன். அப்போது என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டேன்.

விருந்தில் எல்லோரும் இருக்கும்போது அதை விளக்கிச் சொல்வதாக எண்ணம். என்ன பேச வேண்டும் என்று தாளில் எழுதியும் வைத்திருந்தேன். விருந்தன்று காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தேன். மறுபடி சிரிப்பார்கள் என்று தோன்றியது. சட்டையைக் கழற்றிவிட்டேன். புத்தகத்தின் முப்பத்தோராம் பக்கத்தில், அடியில், சின்ன எழுத்தில் ஒரு வரி மட்டும் சேர்த்தேன். அதை யாரும் படித்திருக்க மாட்டார்கள். கோலைப் பார்த்தால் தானாகவே புரிகிற மாதிரி இருக்கும்போது யார் படிப்பார்கள்?

இதையும் சொல்லிவிடுகிறேன். உன் கடிதம் சனிக்கிழமை காலை வந்தது. ‘வெறும் வாளி’ என்ற இடத்தைப் படித்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. தபால் படகு அப்போது கரையில்தான் நின்றிருந்தது. அரிசி மூட்டை இறக்க அதற்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு வரி எழுதி அனுப்பியிருக்கலாம். நான் உட்கார்ந்து, என் கணக்கு தவறாக இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். கணக்கு சரியாக இருந்தால் மணிலாவில் அந்தப் புத்தகம் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். எதை முதலில் யோசித்தேன் என்று என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டேன். படகு போய்விட்டது. பிறகு உனக்குக் கேள்விகள் எழுதினேன். பதில் எனக்குத் தெரிந்த கேள்விகள்.

முதல் இருவர் இறந்தது என் கோலால். மூன்றாமவர் இறந்தது என் தயக்கத்தால்.

டாக்டர் ஒசோரியோவுக்கு இதையெல்லாம் எழுதி, கையொப்பமிட்டு, காவலாளியிடம் கொடுத்துவிட்டேன். நாளை திங்கட்கிழமைக்கு முன் அவர் கையில் இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொன்னேன். இன்னொரு பிரதி மணிலாவுக்கு.

அந்த மூவரின் பெயர்கள் வேண்டும். நீ எழுதவில்லை.

சிப்ரியானோ


சாண்டா பிரிஸ்கா
28 நவம்பர், செவ்வாய்

மனோங்,

டாக்டர் உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார். தட்டச்சான தாளை எடுத்து நான்காகக் கிழித்தார். அவர் இருபது வருட டாக்டர், மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. லிப்ராதா முன்னால் போய் நின்று, “நான் கோலைப் பாக்கல. ஆளைத்தான் பாத்தேன். தப்பு என்னோடது” என்றார். அவரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது.

லிப்ராதா அழவில்லை. “அப்போ நான் எழுதுனது எல்லாம் சரிதானா மேடம்?” என்று கேட்டாள். “நான்தான் கண் தெரியாம எழுதுறேனோன்னு எனக்கே வந்துடுச்சு. ஒவ்வொரு வாளியையும் ரெண்டு தடவ பாத்தேன்” என்றாள். இரண்டு தடவையும் தவறான கோல் தவறான பதிலையே சொல்லியிருக்கிறது.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள். “அந்தச் சோளக்கதிர் அம்மா தண்ணி தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க மேடம். உதடு வெடிச்சிருந்துச்சு. எனக்கும் மனசு கேக்கல, இன்னொரு பாட்டில் போடலாம்னு கை போச்சு. ஆனா தாளு போதும்னுச்சு.”

உங்களுக்கு இதை எழுதலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். மறைத்தால் நீங்கள் செய்ததையே நானும் செய்தவளாவேன். எழுதிவிட்டேன்.

பெயர்கள்: மீனவர் எமெத்தெரியோ பாயோ. கருவாடு விற்ற அவ்ரெலியா. சோளக்கதிர் விற்ற அம்மா, மர்த்தினா லும்போ. மூவர் வீட்டுக்கும் போக வேண்டும். நீங்கள் வந்த பிறகு சேர்ந்து போகலாம். என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாது. போவோம்.

நீங்கள் பழியையெல்லாம் நேர்த்தியாகப் பங்கு போட்டு, எல்லாப் பங்கையும் உங்கள் பையிலேயே வைத்துக்கொண்டீர்கள். அது நியாயமில்லை. நாற்பத்தேழு பக்கத்தில் நான் படித்தது இருபது. தலைமை நர்ஸ் நான், முப்பத்தோராம் பக்கம் என் மேசையில் இருந்தது. வாளியில் ஊற்றுவதை மாற்றியவள் நான். மாற்றினால் வேறு எது மாறும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. உங்கள் கேள்விகள் வந்தபோது, இந்த மனிதர் ஏன் தண்ணீரைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைக்காமல் எரிந்து விழுந்தேன். எல்லாவற்றுக்கும் முன்னால், பயந்த சுபாவக்காரர் ஒருவரைப் பார்த்து எல்லோரையும் சிரிக்க வைத்தேன். என் பங்கைத் திருப்பித் தாருங்கள்.

மணிலா புத்தகத்தை அச்சிடுமோ, கிழித்துப் போடுமோ, தெரியாது. ஆனால் புத்தகம் இல்லாமல் இருந்தால் முதல் வாரத்திலேயே முப்பது பேர் போயிருப்பார்கள். அதையும் உங்கள் தாளில் எழுதுங்கள்.

கடல் வரிசையில் இப்போது கஞ்சிக்கு உப்புக் கேட்டுச் சண்டை போடுகிறார்கள். கேட்கச் சுகமாக இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் மோலோ சூப் வைக்கிறேன். நாற்பது பேருக்கு இல்லை, பதினோரு நர்ஸுகளுக்கு. இரண்டு வருடம் முன்னால் சொல்ல எழுதி வைத்திருந்ததை வந்து சொல்லுங்கள். சொல்லிவிட்டுத்தான் சாப்பாடு.

பெத்ரா


சுங்கக் கொட்டகை
30 நவம்பர், வியாழன்

பெத்ரா,

உன் கடிதத்தை இஸ்திரி போடவில்லை. கொட்டகையில் இஸ்திரிப் பெட்டி இல்லை. இருக்கிறதா என்று கேட்கவும் இல்லை.

மூன்று பெயர்களையும் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போடலாம் என்று எழுதிப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். அவர்கள் வீட்டார் கேட்காத ஊர்களிலெல்லாம் அவர்கள் பெயரை நான் அனுப்பக்கூடாது. பெயர்கள் என்னிடம் இருக்கும். சனிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வீடுகளுக்கும் போவோம். முதலில் சோளக்கதிர் அம்மா வீட்டுக்கு.

முதல் பக்கத்தில் வேறு எழுதியிருக்கிறேன். அச்சிட்டாலும் சரி, அச்சிடாவிட்டாலும் சரி, மருத்துவமனைப் பிரதியில் இதை ஒட்டிவிடு. பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்:

‘கோலின் முதல் கோடு வாளியின் அடியிலேயே இருக்க வேண்டும். வாளியில் முதலில் ஊற்றுவதை மாற்றினால், வேறு எதையும் செய்வதற்கு முன், தெரிந்த அளவு தண்ணீரை ஊற்றிக் கோலைச் சோதித்துப் பார்க்கவும். கோல் போதும் என்று சொன்னாலும், நோயாளி தண்ணீர் கேட்டால், நோயாளியை நம்பவும். இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னவர், கடல் வரிசையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் லிப்ராதா.’

அவள் சொல்லவில்லை, அவள் கை சொன்னது. ஆனாலும் அப்படியே இருக்கட்டும். அவளுக்குச் சம்மதமா என்று மட்டும் கேள்.

உன் பங்கைக் கேட்டிருந்தாய். யோசித்தேன். மூன்று வீட்டு வாசலிலும் நீ என்னோடு நின்றால், அதை வாங்கிக்கொண்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மேல் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

காவலாளி மூங்கிலும் கத்தியும் கொடுத்தான். இருபத்துநான்கு கோல்களைப் புதிதாகச் செய்து முடித்துவிட்டேன். முனையில் வண்ணம் இல்லை. கோடு அடியிலிருந்து தொடங்குகிறது. அரை லிட்டர் இருக்கும் இடத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறேன். விரல் வைத்தாலே தெரியும். லைசால் இருந்தால் அந்தப் பள்ளத்திலிருந்து எண்ண வேண்டும், இல்லாவிட்டால் அடியிலிருந்து. ஒவ்வொன்றையும் அளவு ஜாடியில் மூன்று முறை சோதித்தேன். நீ ஒருமுறை சோதித்துப் பார்.

பழைய கோல்களை எரித்துவிடு. ஒன்றை மட்டும் வைத்திரு, சனிக்கிழமைக்கு. என்ன பேசுவது என்று எழுதிப் பார்த்தேன். நான்கு பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். அந்தப் பழைய கோலை லிப்ராதாவின் கையில் கொடுத்து, முதல் கோடு எங்கே இருக்கிறது, எங்கே இருந்திருக்க வேண்டும் என்று அவளையே எல்லோருக்கும் காட்டச் சொல்லப் போகிறேன். காட்டி முடிக்கும்வரை நான் அவள் பக்கத்தில் நிற்பேன்.

யாராவது சிரித்தாலும் நிற்பேன்.

மனோங்